உமரி வளர்ப்பு: விதைத்ததெல்லாம் செத்துப்போகிறது, எங்கே தவறு?

புதுநாற்று:

வணக்கம். சதுப்பு நிலத்துச் சேற்றில் கூட்டம் கூட்டமாக நிற்கிற உமரியை, சாலிகோர்னியா என்கிறார்களே அதை, தொட்டியில் வளர்க்க ஆறு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன். இலையே தெரியாமல், கணுக்கணுவாக, சதை பிடித்துப் பச்சைப் பவளம் மாதிரி நிற்கும் அந்தச் செடிமேல் எனக்கு அப்படி ஓர் ஆசை. மூன்று முறை விதைத்துவிட்டேன். மூன்றும் சரியாக வரவில்லை.

முதல் தடவை, கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும் என்று படித்ததால் அதே அளவில் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினேன். மூன்று வாரம் ஆகியும் ஒரு விதைகூட முளைக்கவில்லை. இரண்டாவது தடவை உப்பைப் பாதியாகக் குறைத்தேன், நாலைந்து முளைத்தன, வித்திலை விரிந்ததோடு பழுப்பாகிச் சாய்ந்துவிட்டன. மூன்றாவது தடவை வெறும் தண்ணீர்தான். நிறைய முளைத்தது, நம்பிக்கை வந்தது, ஆனால் இரண்டு மாதம் கழித்தும் நூல் மாதிரி மெலிந்து, வெளுத்து, நிற்க முடியாமல் சாய்கின்றன. உப்பு ஊற்றினாலும் சாகிறது, ஊற்றாவிட்டாலும் தேறவில்லை. வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கரையோரம்:

கடலோரச் செடிக்குக் கடல்நீர்தான் உணவு. சமையல் உப்பைக் கரைத்ததுதான் தவறு என்று நினைக்கிறேன். கடலிலிருந்தே தண்ணீர் எடுத்து வந்து முதல் நாளிலிருந்து ஊற்றிப் பாருங்கள், பிழைக்கும்.

வேர்நுனி:

கரையோரம் சொல்வதைச் செய்யாதீர்கள் தம்பி, மறுபடி அதே கதைதான் ஆகும். உப்பைத் தாங்குவது வளர்ந்த செடி. விதைக்கும் நாற்றுக்கும் அந்தத் திறன் அதே அளவில் கிடையாது, உமரி வளர்க்க வருகிற முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான், நானும் விழுந்திருக்கிறேன்.

உப்பு கூடின தண்ணீரில் விதை கிடந்தால் அதற்குள் நீர் ஏறாது. வெளியே உப்பின் செறிவு அதிகம், அதனால் தண்ணீரை அது வெளிப்பக்கமே பிடித்து வைத்துக்கொள்ளும். சதுப்பில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல மழை பெய்து மேல்மண்ணின் உப்பு கழுவப்படும்போதுதான் உமரி முளைக்கிறது. அலை வந்து புரட்டாத சில நாட்கள் கிடைத்தால் வேரைக் கீழே இறக்கிவிடும், அதற்குப் பிறகு உப்பு மெல்ல மெல்ல ஏறும், செடியும் கூடவே பழகும். நீங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டீர்கள்.

ஒன்று கேட்கிறேன், முதல் தொட்டி மண்ணைக் கொட்டிவிட்டீர்களா? கொட்டவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டாம். அந்த விதைகள் செத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உவர்நிலச் செடிகளின் விதைகள் பல உப்பில் உறங்கிக் கிடந்து, நல்ல தண்ணீர் கண்டதும் எழுந்துவிடும். தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, அடியில் முழுவதும் வடியவிடுங்கள். வடிகிற தண்ணீரை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கக் கூடாது. அப்புறம் நிழலில் வைத்து ஈரம் காயாமல் காத்திருங்கள்.

இன்னொரு விஷயம், இது எனக்கு மிகவும் பிடித்தது. உமரிப் பூங்கதிரைப் பிரித்துப் பார்த்தால் பூக்கள் மூன்று மூன்றாக இருக்கும். நடுப்பூவில் விளைவது பெரிய விதை, இரண்டு பக்கத்துப் பூக்களிலும் சின்ன விதை. பெரியது சீக்கிரம் முளைக்கும், கொஞ்சம் உப்பையும் பொறுக்கும். சின்னது உறங்கும், தாமதமாகத்தான் வரும். ஒரு மழையை நம்பி எல்லா விதையையும் செடி இறக்குவதில்லை, ஒரு பகுதியைக் கையிருப்பாக வைத்துக்கொள்கிறது. அதனால் பத்து நாளில் முளைக்காததை எல்லாம் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

குளிர்ப் பிரதேச வகை என்றால் ஈரத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் 4 அல்லது 5 டிகிரியில் மூன்று வாரம் வைத்துவிட்டு விதைப்பது நல்லது. விதையை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, மேலே தூவி விரலால் லேசாக அழுத்தினால் போதும். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு தென்னைநார்த் துகள், தண்ணீரை அடித்தட்டிலிருந்து ஏறவிடுங்கள். மேலிருந்து ஊற்றினால் இத்துனூண்டு விதை ஒரே மூலையில் போய்க் குவியும்.

புதுநாற்று:

அக்கா, மிக்க நன்றி. முதல் தொட்டி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, மூலையில் கவிழ்க்காமல் கிடக்கிறது. இன்றே கழுவிவிடுகிறேன். மூன்றாவது தொட்டியில் இருக்கிற மெலிந்த செடிகளுக்கு என்ன செய்யட்டும்? அவற்றுக்கு உப்பு எப்போது, எவ்வளவு?

நன்னீர்ப்பக்கம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் உமரி இரண்டு வருடமாக, விதை விழுந்து மறு தலைமுறையும் வந்துவிட்டது, உப்பே போடாமல்தான் வளர்கிறது. இதற்கு உப்பு தேவை என்பதே சரியா? உயரம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சாகவில்லையே. நன்றாக உரம் போட்டால் நல்ல தண்ணீரிலேயே வரும் என்பது என் அனுபவம்.

வேர்நுனி:

நீங்கள் சொல்வது பொய்யில்லை. உப்பில்லாமல் உமரி உயிரோடு இருக்கும், விதையும் விடும். ஆனால் உயிரோடு இருப்பதும் செழிப்பதும் வேறு வேறு. லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் வரை உப்புள்ள நீரில் பக்கத்திலேயே ஒரு செடியை வைத்துப் பாருங்கள், தண்டின் பருமனிலேயே தெரியும். கடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பு, அதுதான் இதற்குப் பிடித்த இடம். முழுக் கடல்நீரிலும் வாழும், ஆனால் வளர்ச்சி குறைந்துவிடும்.

ஏன் என்றால், மற்ற செடிகள் உப்பில் இருக்கிற சோடியத்தை உள்ளே விடாமல் தடுக்கப் பாடுபடும். உமரி உள்ளே விட்டுவிடுகிறது. விட்டு, செல்லின் நடுவில் இருக்கிற நுண்குமிழ் என்கிற பையில் அடைத்துப் பூட்டிவிடுகிறது. அந்தப் பையின் சுவரில் இருக்கும் புரதங்கள் சோடியத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பைக்கு வெளியே செல் வேலை நடக்கிற பகுதியில் உப்புக்குப் பதிலாக கிளைசின் பீட்டெய்ன் மாதிரி தீங்கு செய்யாத பொருளைச் சேர்த்து இரண்டு பக்கமும் சமன் செய்துகொள்ளும். அந்த உப்பை வைத்துத்தான் தண்ணீரை இழுத்துப் பிடிக்கிறது, தண்டு பருத்து நிற்பதும் அதனால்தான். உப்பே கொடுக்கவில்லை என்றால் இழுக்கிற சரக்கு குறைந்துவிடும், மெலிந்து சாயும். புதுநாற்றின் மூன்றாவது தொட்டிக்கு இதுதான் முதல் காரணம்.

சில சதுப்புச் செடிகள் இலையில் சுரப்பி வைத்து உப்பை வெளியே துப்பும், வெண்கண்டல் இலையின் மேல் உப்புப் படிகத்தைக் கையால் தடவியே பார்க்கலாம். உமரிக்கு அந்த வசதி இல்லை, வாங்கியதெல்லாம் உள்ளேயே இருக்கும், உடம்பைப் பெருக்கி நீர்க்கச் செய்வதுதான் அதற்குத் தெரிந்த வழி. அதனால்தான் ஒரேயடியாக ஏற்றக் கூடாது என்கிறேன், பை பெருக நாள் வேண்டும்.

லிட்டருக்கு 12 கிராம் அளவு உப்பில், அதாவது 200 மில்லிமோலில், விதையிலிருந்து விதை வரை வாழ்க்கையை முடிக்க முடிகிற செடியைத்தான் உவர்நிலச் செடி என்று வரையறுக்கிறார்கள், உலகத் தாவரங்களில் 1 சதவீதம் அளவுக்குத்தான் அப்படி. மற்ற 99-உம் வர முடியாத இடத்தில் நிற்பதுதான் உமரியின் பிழைப்பு. நல்ல மண்ணில் புல்லோடு போட்டியிட்டால் தோற்றுவிடும். நன்னீர்ப்பக்கம், நீங்கள் களை எடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள் இல்லையா? உப்புநீர் ஊற்றினால் அந்த வேலையே பெரும்பாலும் இருக்காது.

நன்னீர்ப்பக்கம்:

களை உண்மைதான், வாரம் ஒரு முறை உட்கார்ந்து பிடுங்குகிறேன். சரி, ஒரு தொட்டிக்கு மட்டும் உப்பு கொடுத்துப் பார்க்கிறேன், அப்போதுதான் எனக்கும் ஒப்பிட ஆகும்.

அளத்துக்காற்று:

உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கரையோரம் சமையல் உப்பைச் சந்தேகப்பட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு கிலோ கடல்நீரில் குளோரைடு சுமார் 19 கிராம், சோடியம் 10.8 கிராம், அதோடு சல்பேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம். சமையல் உப்பில் முதல் இரண்டு மட்டும்தான். சோடியம் நிறைய இருக்கும்போது கால்சியம் குறைந்தால் வேரின் சவ்வு கட்டுப்பாட்டை இழந்துவிடும், நுனி கருகும். அதனால் சமையல் உப்பு போட்டால் லிட்டருக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட்டும் சேருங்கள். கால்சியமும் கிடைக்கும், தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும் கிடைக்கும். கடல்மீன் தொட்டிக்கு விற்கிற கலவை உப்பு கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் எல்லாம் அளவாக இருக்கும்.

ஏற்றுகிற விதம்: நாற்று மூன்று நான்கு செ.மீ. உயரம் வந்து, வித்திலைக்கு மேல் இரண்டு மூன்று கணு விட்ட பிறகு லிட்டருக்கு 2 கிராமில் தொடங்குங்கள். ஐந்து நாளுக்கு ஒரு முறை 2 கிராம் கூட்டிக்கொண்டே போய் 10 அல்லது 12-ல் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போவதில் செடிக்கு ஒன்றும் பயன் இல்லை.

கையில் ஈ.சி. மீட்டர், அதாவது நீர் மின்சாரத்தைக் கடத்துகிற அளவை வைத்து உப்பைக் காட்டும் கருவி, இருந்தால் நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை. கடல்நீர் செ.மீ.க்கு 50 மில்லிசீமன்ஸுக்குச் சற்று மேல் காட்டும், 10 கிராம் உப்புக் கரைசல் 17 அளவில் காட்டும். ஊற்றுகிற நீரைவிட அடியில் வடிகிற நீரை அளப்பதுதான் முக்கியம், வேர் குடிப்பது அதைத்தான்.

ஒரு பக்கப் பேச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் செடி குடித்து வைத்த சோடியத்துக்காகவே ஒரு காலத்தில் இதையும் இதன் சொந்தக்காரச் செடிகளையும் அறுத்து எரித்துச் சாம்பலாக்கினார்கள். அந்தச் சாம்பலில் கிடைத்த சோடா என்கிற சோடியம் கார்பனேட் கண்ணாடி வார்க்கவும் சோப்பு காய்ச்சவும் போனது. 1791-ல் நிக்கோலா லெப்லாங்க் உப்பிலிருந்தே சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் சாம்பலின் தேவை மெல்லக் குறைந்தது. சேற்றில் நிற்கிற ஒரு பூண்டு கண்ணாடியாக மாறியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

மொட்டைமாடி:

அளத்துக்காற்று சொன்ன வடிநீர் விஷயத்தை எல்லாரும் தயவுசெய்து கவனியுங்கள், ஏனென்றால் அது தெரியாமல் நான் முப்பது செடியை இழந்தேன். நாற்று நன்றாக வந்து, உப்பும் படிப்படியாக ஏற்றி, 12 கிராமில் அழகாக நின்றுகொண்டிருந்தன. வெயில் காலம் வந்தது, தினமும் மண் காய்ந்தது, நான் தினமும் அதே 12 கிராம் கரைசலையே ஊற்றினேன். தொட்டிக்கு அடியில் தட்டு வேறு வைத்திருந்தேன், சொட்டக்கூட வெளியே போகாது. மூன்று வாரத்தில் மண்மேல் வெள்ளையாகப் பொரிந்தது, செடிகள் நுனியிலிருந்து சுருங்கி, தொட்டால் தண்ணீரே இல்லாத மாதிரி ஆகிவிட்டன. பிறகு வடிநீரை அளந்து பார்த்தால் மீட்டர் கடல்நீரை எல்லாம் தாண்டி எங்கேயோ நின்றது. நான் வெயிலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், தவறு என் குவளையில் இருந்தது.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். ஆகவே குறைந்த தண்ணீரை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், உப்புக் கரைசல் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை போதும். அப்படி ஊற்றும்போதும் கால்வாசித் தண்ணீர் அடியில் வெளியேறும் அளவுக்கு ஊற்றுங்கள், பழைய உப்பை அது அடித்துக்கொண்டு போகும். முளைத்த பிறகு அடித்தட்டு வேண்டாம். தண்ணீர் தேங்கி நின்றால் உமரி கொஞ்ச நாள் பொறுக்கும், உப்பு தேங்குவதைத்தான் பொறுக்காது.

மண்தொட்டியும் வேண்டாம். சுட்ட மண்ணின் நுண்துளைகளில் உப்பு புகுந்து படிகமாகும்போது வெளிப்பக்கம் செதில் செதிலாக உரியும், எனக்கு இரண்டு தொட்டி கையோடு வந்துவிட்டது. பிளாஸ்டிக் அல்லது மெருகிட்ட பீங்கான் நல்லது. வடிகிற தண்ணீர் பக்கத்துச் செடிகளுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரும்புத் தாங்கி மேல் விழுந்தால் துரு பிடித்துவிடும்.

புதுநாற்று:

நல்ல செய்தி! கழுவி வைத்த முதல் தொட்டியில் ஆறாவது நாள் முளை வந்தது. இன்றைக்குப் பதினோராம் நாள், எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று. மாதக்கணக்கில் உப்புக்குள் கிடந்த விதைகள்! வேர்நுனி அக்கா, நீங்கள் கேட்கவில்லை என்றால் அந்த மண்ணைக் கொட்டியிருப்பேன்.

மூன்றாவது தொட்டியில் இருக்கிறவை இப்போது 6 கிராமுக்குப் பழகிவிட்டன, தண்டு கொஞ்சம் தடித்திருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு சிக்கல். இன்னும் பத்து செ.மீ.கூடத் தாண்டவில்லை, அதற்குள் கீழ்க்கணுக்கள் சிவக்கின்றன, நுனியில் மஞ்சள் பொடி மாதிரி ஏதோ புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. பூஞ்சையா?

நன்னீர்ப்பக்கம்:

சிவந்தால் அது உப்பு அதிகமானதால்தான். உப்பு தேவையா என்று முன்பே கேட்டேனே.

வேர்நுனி:

பூஞ்சை இல்லை தம்பி, அது மகரந்தம். உமரி பூத்திருக்கிறது. அதன் பூ அவ்வளவுதான் இருக்கும், இதழ் கிடையாது, கணுவின் குழிக்குள்ளிருந்து மகரந்தப்பை மட்டும் எட்டிப் பார்க்கும். சிவப்பு பீட்டாசயனின் என்கிற நிறமி, பீட்ரூட்டில் இருக்கிற அதே குடும்பம். முதிர்ச்சியிலும் வரும், பசியிலும் வரும், உப்பு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

சீக்கிரம் பூத்ததற்குக் காரணம் பெரும்பாலும் பகலின் நீளம். இரவு நீண்டால் இது பூக்கத் தொடங்கும், பூத்துவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும், ஒருபருவச் செடி, விதை முற்றியதும் காய்ந்துவிடும். இஸ்ரேலில் செய்த ஆய்வில் அங்கத்து வகைகளுக்கு 13.5 மணி நேர வெளிச்சம் கொடுத்தபோது பூக்காமல் தழைத்துக்கொண்டே இருந்தன, வடக்கே உயர்ந்த அட்சரேகையிலிருந்து வந்த வகைகளுக்கு அதைவிட நீளமான பகல் தேவைப்பட்டது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பகல் அவ்வளவு நீளாது, ஆகவே வடக்கத்தி விதையை வாங்கி அங்கே போட்டால் விரல் உயரத்திலேயே பூத்துவிடும். விதை எந்த அட்சரேகையிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். தழைப்புதான் வேண்டும் என்றால் சூரியன் மறைந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் ஒரு எல்.இ.டி. விளக்கை எரியவிடலாம்.

அளத்துக்காற்று:

பகல் நீளத்தோடு தழைச்சத்தையும் பாருங்கள், அக்கா சொன்ன பசி என்பது பெரும்பாலும் அதுதான். சதுப்பில் செடிகளின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது பல சமயம் நைட்ரஜன் பற்றாக்குறைதான், மணலிலும் நார்த் துகளிலும் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. புதுநாற்று இரண்டு மாதம் வெறும் தண்ணீரில் வளர்த்திருக்கிறார், வெளுப்பும் மெலிவும் அதனால் கூட இருக்கலாம். உமரி நைட்ரஜனை எவ்வளவு உறிஞ்சும் என்றால், மீன், இறால் பண்ணைகளிலிருந்து வெளியேறும் உப்புக் கழிவுநீரைச் சுத்திகரிக்கவே இதை வளர்த்துப் பார்க்கிறார்கள். பத்து நாளுக்கு ஒரு முறை கால்சியம் நைட்ரேட் கரைசல் கொடுங்கள், அடுத்து வருகிற கணுக்களின் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். பூத்துவிட்டவை திரும்பாது, பூக்காதவைக்கு உதவும்.

களர்க்காணி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். என் கேள்வி தொட்டி இல்லை, நிலம். அரை ஏக்கர் உப்பேறிக் கிடக்கிறது, ஆழ்துளைக் கிணற்று நீரின் ஈ.சி. 8. உமரியைப் போட்டால் மண்ணின் உப்பை எல்லாம் அது உறிஞ்சி எடுத்துவிடும், இரண்டு வருடத்தில் வேறு பயிர் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். நடக்குமா?

அளத்துக்காற்று:

ஐயா, நடக்கும் என்று சொல்லி உங்களைச் செலவில் இறக்க எனக்கு மனம் வரவில்லை, கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

மெக்சிகோவின் பாலைவனக் கடற்கரையில் 6 வருடம் கடல்நீரையே பாய்ச்சி சாலிகோர்னியா பிகெலோவி என்ற இனத்தை வளர்த்தார்கள், 1991-ல் முடிவு வெளியானது. சதுர மீட்டருக்குச் சராசரியாக 1.7 கிலோ உலர் எடை கிடைத்தது. அதில் 40 சதவீதம் உப்பும் சாம்பலும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், சுமார் 700 கிராம். இப்போது உங்கள் தண்ணீர். ஈ.சி. 8 என்றால் லிட்டருக்குத் தோராயமாக 5 கிராம் உப்பு. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் பாய்ச்சினால் 25 கிராம், நூறு நாளில் இரண்டரைக் கிலோ. செடி எடுத்தது 700 கிராம், நீங்கள் கொண்டுவந்து கொட்டியது 2,500. மீதி எங்கே போகும்? மண்ணில்தான் நிற்கும்.

எனவே வடிகால் இல்லாமல் எந்தச் செடியும் நிலத்தைத் திருத்தாது. பாய்ச்சுகிற தண்ணீரில் ஒரு பங்கு வேருக்குக் கீழே இறங்கி வெளியேற வழி இருக்க வேண்டும், மழைநீரைத் தேக்கிக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது. நிலத்தடி நீர் மேலாக இருந்தால் அடியிலிருந்து உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். மழையை மட்டும் நம்பிச் செடியை வளர்த்து, அறுத்ததை நிலத்துக்கு வெளியே கொண்டுபோனால் கொஞ்சம் குறையும். அறுக்காமல் அங்கேயே மட்கவிட்டால் எடுத்த உப்பைத் திருப்பிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

இன்னொன்று, உங்கள் பெயரில் களர் இருக்கிறது, கேள்வியில் உப்பு இருக்கிறது. உவர் வேறு, களர் வேறு. மண் சாற்றின் ஈ.சி. 4-க்கு மேல் என்றால் உவர். மண்துகளில் ஒட்டியிருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 சதவீதத்துக்கு மேல், கார நிலை (பி.எச்.) 8.5-க்கு மேல் என்றால் களர். களர் மண் நனைந்தால் பிசினாகும், காய்ந்தால் பாறையாகும், தண்ணீர் கீழே இறங்கவே இறங்காது. அதற்கு ஜிப்சம் போட்டு, சோடியத்தைக் கால்சியத்தால் கழற்றிவிட்டு, பிறகு கழுவ வேண்டும். எது என்று தெரியாமல் விதைக்காதீர்கள், முதலில் மண் பரிசோதனை.

இப்படிச் சொல்வதால் உமரி வீண் என்று அர்த்தமில்லை. வேறு ஒன்றும் வராத நிலத்தில் உமரியையே பயிராக எண்ணலாம். அதே மெக்சிகோ சோதனையில் விதையில் 26 முதல் 33 சதவீதம் எண்ணெய், 31 சதவீதம் புரதம் இருந்தது. நிலத்தை மாற்றுவதை விட்டுவிட்டு, நிலத்துக்கேற்ற செடியை வைப்பது என்று பாருங்கள்.

களர்க்காணி:

யாரும் இப்படிக் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. மனசு கொஞ்சம் கனத்துவிட்டது, ஆனாலும் நன்றி. மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். வடிகால் வாய்க்கால் தூர்ந்துபோய்க் கிடக்கிறது, அதை முதலில் வெட்ட வேண்டும்.

கரையோரம்:

முதலில் நான் சொன்னது தவறு என்று புரிந்தது. எனக்கு விதை கிடைக்கவில்லை. பக்கத்துச் சதுப்பில் நிறைய நிற்கிறது, நாலு செடியை வேரோடு பெயர்த்து வந்தால் பிழைக்குமா? நுனியைக் கிள்ளிச் சாப்பிடவும் ஆசை.

வேர்நுனி:

வேரோடு பெயர்க்க வேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். இது ஒருபருவச் செடி, நீங்கள் பெயர்க்கிற ஒவ்வொன்றும் அடுத்த வருடத்துக்கான எத்தனையோ விதை. சேற்றைக் கட்டிப் பிடித்திருப்பதும் அந்த வேர்தான். பெயர்த்தாலும் பெரும்பாலும் பிழைக்காது, மெல்லிய வேர், சேற்றோடு அறுந்துவிடும். பாதுகாக்கப்பட்ட சதுப்பு என்றால் அனுமதி இல்லாமல் கை வைக்கவே கூடாது.

பருவம் முடிந்து செடி காய்ந்து வைக்கோல் நிறமானதும் போங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கைப்பிடி கதிரை மட்டும் எடுங்கள். காகிதத்தில் பரப்பி உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்தால் விதை உதிரும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், மேலே சின்ன ரோமம் தெரியும். நல்ல தண்ணீரில் சட்டென்று அலசி, ஒட்டியிருக்கிற உப்பை நீக்கி, நிழலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

சாப்பிடுவது பற்றி ஒரே ஒரு கவனம். இது சோடியத்தை மட்டும் சேர்ப்பதில்லை, சேற்றில் ஈயம், காட்மியம் போன்ற உலோகம் இருந்தால் அதையும் சேர்த்து வைக்கும். ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்கிற கழியிலிருந்து ஒரு நுனிகூடக் கிள்ளாதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்ந்ததை இளசாகக் கிள்ளலாம், கிள்ளினால் பக்கக் கிளையும் விடும். உயர் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் வேண்டாம், அவ்வளவு உப்பு அதற்குள் இருக்கிறது.

மொட்டைமாடி:

விதைக்குக் காத்திருக்க முடியாது என்றால் கரையோரம், உமரியின் பல்லாண்டுச் சொந்தம் சார்கோகோர்னியாவைத் தேடிப் பாருங்கள், அது தண்டுத் துண்டிலிருந்தே வேர் விடும். செசுவியம் இன்னும் சுலபம், மணலில் படர்ந்து சின்ன இளஞ்சிவப்புப் பூ பூக்குமே, ஒரு சாண் கொடியை ஈர மணலில் கிடத்தினால் கணுவுக்குக் கணு வேர். உப்பு ஏற்றுவதும் வடிப்பதும் எல்லாம் இதே முறைதான், கை பழகிக்கொள்ள நல்ல செடி. ஆனால் அசுவினி வருகிறதா என்று அடிக்கடி பாருங்கள், எனக்கு இரண்டிலுமே இளந்தளிரில் வந்தது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததில் போய்விட்டது.

நன்னீர்ப்பக்கம்:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். ஒரு தொட்டிக்கு மட்டும் 10 கிராம் வரை ஏற்றினேன். வேர்நுனி சொன்னது சரிதான், தண்டு பென்சில் பருமனுக்குப் போகிறது, உப்பில்லாத தொட்டியில் அதில் பாதிகூட இல்லை. களையும் வரவில்லை. சிவப்பு பற்றி அவசரப்பட்டுச் சொன்னதற்குப் புதுநாற்றிடம் மன்னிப்பு கேட்கிறேன். என் உப்பில்லாத தொட்டியும் இப்போது சிவக்கிறது.

புதுநாற்று:

பரவாயில்லை அண்ணா, அந்தச் சிவப்பைப் பார்த்து நானும் பயந்தேன்.

நிலவரம் சொல்கிறேன். மூன்றாவது தொட்டிச் செடிகள் விதைக்குப் போய்விட்டன, அவற்றை அப்படியே முற்றவிட்டேன். முதல் தொட்டியின் இருபத்து மூன்றில் பத்தொன்பது நிற்கின்றன. நாற்றழுகலில் நான்கு போயின, மூடி போட்டு வைத்ததால் காற்றோட்டம் இல்லை என்று நினைக்கிறேன். விளக்கு வைத்தேன், தழைச்சத்து கொடுக்கிறேன், இப்போது 8 கிராம், வடிநீரை அளந்துதான் அடுத்த அடி. இருபது செ.மீ. தாண்டிவிட்டன, ஒன்றிலும் பூ இல்லை.

முற்றிய கதிரிலிருந்து எடுத்த விதையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பெரியது தனியாக, சின்னது தனியாகப் பிரித்து இரண்டு தட்டில் விதைத்தேன். கண் வலித்தது, ஆனால் பார்க்க வேண்டும் என்று ஆசை. பெரிய விதைத் தட்டில் நாலாம் நாளே பச்சை தெரிந்தது, இப்போது ஏறக்குறைய எல்லாம் முளைத்துவிட்டன. சின்ன விதைத் தட்டில் நாற்பதுக்கு மூன்றுதான். இன்றைக்கு இருபத்தைந்தாம் நாள், தட்டைக் காயவிடவில்லை.

வேர்நுனி:

காயவிடாதே தம்பி. இன்னொரு பத்து நாள் பார்த்துவிட்டு, வரவில்லை என்றால் அந்தத் தட்டை அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் மூன்று வாரம் வைத்து எடு. எத்தனை முளைக்கிறது என்று எண்ணி இங்கே எழுது, எனக்கும் தெரிய வேண்டும்.